ஒரு மூடைக்கு 299 நெல்மணி

கேள்வி: மூலக்கூற்று உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, சில வருடம் ஆய்வுகூடத்தில் வேலைசெய்துவிட்டு, பரந்தனுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். வன்னியில் விளையும் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் நெல்லின் டிஎன்ஏயை வாசித்து, அதைப் பிளொக்செயினில் பதிந்து, அரிசிப் பக்கெற்றில் உள்ள கியூஆர் குறியை ஸ்கான் செய்தால் அசலா இல்லையா என்று காட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறேன். இதற்குச் சொந்தமாக ஒரு சங்கிலி கட்டவேண்டுமா? விவசாயிகளுக்கு டோக்கனாகப் பங்கு கொடுக்கலாமா? பிறகு நோயாளிகளின் மரபணுத் தரவுக்கும் இதையே விரிக்கலாமா? கையில் இருப்பது கொஞ்சக் காசும் ஒரு கணினியும்தான்.
— வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

சொந்தச் சங்கிலி வேண்டாம். டோக்கன் கூடாது. நோயாளிகளின் தரவை இந்த நிறுவனத்தின் வாசற்படிக்கும் கொண்டுவர வேண்டாம். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் இதில் பெரியது: மூடைக்குள் கிடக்கும் நெல்லும், நீங்கள் குழாய்க்குள் போட்ட இலையும் ஒன்றுதான் என்று எதை வைத்துச் சொல்லப்போகிறீர்கள்?

பிளொக்செயினுக்குத் தெரிந்தது ஒரேயொரு வேலை. பதிந்த ஒன்றைப் பிறகு எவரும் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளும். பதியும்போதே பிழையென்றால் அந்தப் பிழையையும் அதே பக்குவத்தோடு பாதுகாக்கும். நெல் கலப்பதோ கணினிக்கு வெகுதூரத்தில். போன போகத்தில் உதிர்ந்த நெல் தானாக முளைத்து வயலிலேயே கலக்கிறது. பக்கத்து வயலில் பி.ஜி 352 என்ற மேம்படுத்திய நெல்லை வெட்டிய அறுவடை இயந்திரம் கழுவாமல் உங்கள் வயலுக்குள் இறங்கினால், அதன் வயிற்றில் மிஞ்சிக் கிடந்த நெல் முதல் சில மூடைகளில் வந்து விழும். வீதியோரம் காயப்போட்ட இடத்தில் கலக்கும், ஆலையின் தொட்டியில் கலக்கும். ஆகவே மாதிரி எடுக்கும் இடம் வயல் மட்டும் என்றால் உங்கள் அறிக்கை வயலுக்குத்தான் செல்லும், பக்கெற்றுக்குச் செல்லாது. குறைந்தது இரண்டு இடம் வேண்டும்: கதிர் தள்ளமுன் வயலில் இலை, அவிப்பதற்கும் குத்துவதற்கும் முன் ஆலை வாசலில் நெல்.

நெல்லை ஏன் அவிக்கமுன், குத்தமுன் எடுக்கச் சொல்கிறேன்? எங்கள் பக்கத்தில் சிவப்பரிசி பெரும்பாலும் புழுங்கல்தான். அவித்துக் காயவைத்த நெல்லில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்துபோயிருக்கும். தீட்டும்போது டிஎன்ஏ செறிந்த முளையும் தவிட்டோடு போய்விடும். பக்கெற் அரிசியைச் சோதிக்கவே முடியாது என்றில்லை. ஆனால் டிஎன்ஏ துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் முறையில், பெருக்கும் துண்டு ஏறத்தாழ 150 பேஸுக்குள் (பேஸ் என்பது டிஎன்ஏயின் ஓரெழுத்து) அடங்கும்படி, பெருக்கலைத் தொடக்கிவைக்கும் பிரைமரை வடிவமைக்க வேண்டும். 500 பேஸ் துண்டு கேட்கும் பிரைமரைப் புழுங்கல் அரிசியில் போட்டுவிட்டு, துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒன்றும் தெரியவில்லை என்று மாதக்கணக்கில் மண்டையை உடைப்பவர்கள் உண்டு.

இனி எத்தனை மணி? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, விதைநெல்லுக்குச் சரிவராது. ஒரு மூடையில் 1 சதவீதம் வேறு இனம் கலந்திருந்தால், அதை 95 சதவீத உறுதியுடன் பிடிக்க 299 மணிகள் பார்க்கவேண்டும். கணக்கு எளிது: 0.99ஐ எத்தனை தடவை தன்னால் பெருக்கினால் 0.05க்குக் கீழே இறங்கும் என்பதுதான். 5 சதவீதக் கலப்பைப் பிடித்தால் போதுமென்றால் 59 மணி, 10 சதவீதமென்றால் 29. உங்கள் வாடிக்கையாளர் எந்த அளவுக்குக் கலப்பைப் பொறுப்பார் என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். விலையை அதுதான் தீர்மானிக்கும்.

299 மணிக்கும் தனித்தனியாக டிஎன்ஏ எடுத்தால் கட்டாது. 300 மணியை முளைக்கவைத்து, நாற்றில் ஒரே அளவான இலைத் துண்டுகளாக வெட்டி, பத்துப் பத்தாகச் சேர்த்து 30 குழாய் ஆக்குங்கள். வேற்றினம் உள்ள குழாயில் மேலதிகமாக ஒரு பட்டை தெரியும். 30இல் 3 குழாய் பிடிபட்டால் கலப்பு ஏறத்தாழ 1 சதவீதம், 10 குழாய் பிடிபட்டால் 4 சதவீதம். ஆனால் பத்தில் ஒன்று என்ற அளவில் உள்ள பட்டை உங்கள் ஜெல்லில் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை, தெரிந்த இரண்டு இனத்தை 9க்கு 1 என்று நீங்களே கலந்து முதலில் சோதித்துப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப்போனால் எல்லா மூடையும் "தூய்மை" என்றுதான் வரும்! இலைத் துண்டு சிறிதும் பெரிதுமாக இருந்தாலும் இதே கதிதான்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுவது? சிவப்பு நிறத்துக்கான ஆர்.சி மரபணுவைப் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளையரிசியில் அந்த மரபணுவில் 14 பேஸ் அறுந்துபோயிருக்கும், சிவப்பரிசியில் முழுதாக இருக்கும். வெள்ளை நெல் கலந்திருந்தால் காட்டிவிடும், அவ்வளவே. சந்தையில் ஏ.ரி 362 போன்ற மேம்படுத்திய சிவப்பு இனங்கள் தாராளமாக இருக்க, சாயம் போட்ட ஏமாற்றுக்காரரைவிட இன்னொரு சிவப்பு நெல்லைக் கலக்கிறவர்தான் உங்கள் உண்மையான எதிராளி. நெல்லுக்கு 12 சோடி நிறமூர்த்தம். ஒவ்வொன்றிலும் இரண்டாக 24 எஸ்.எஸ்.ஆர் குறியீடுகளுடன், அதாவது சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களுடன் தொடங்கலாம். 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் நாலைந்து பேஸ் வித்தியாசம் பிரிந்து தெரியாது என்பதால், அலீல் அளவுகள், அதாவது இனத்துக்கு இனம் துண்டின் நீளங்கள், நன்கு விலகியிருக்கும் குறியீடுகளையே தெரிவுசெய்யுங்கள். காசு வந்தபின் ஓரெழுத்து வேறுபாடுகளுக்கு, அதாவது எஸ்.என்.பி தொகுதிக்கு மாறலாம். அதைத் தெரிவுசெய்ய ஆயிரக்கணக்கில் புதிதாக வாசிக்கவேண்டியதில்லை. 2018இல் வெளிவந்த 3,010 நெல் மரபணுத்தொகுதிகளின் தரவு, சர்வதேச நெல் ஆய்வு நிறுவனத்தின் எஸ்.என்.பி-சீக் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது.

ஆனால் பெயர் ஒன்று என்பதால் நெல்லும் ஒன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பாரம்பரிய நெல் என்பது ஒரே அச்சில் வார்த்த இனமல்ல. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்றாலும், ஒரே வயலுக்குள் சற்று வேறுபட்ட வழிகள் பல சேர்ந்து நிற்கும். வவுனிக்குளத்துக்குக் கீழே மொட்டைக்கறுப்பன் என்று விதைப்பதும், மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தின் கீழே அதே பெயரில் விதைப்பதும் ஒன்றாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பச்சைப்பெருமாளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. 2462/11 என்ற தூயவழித் தெரிவும், அதாவது அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரே சீரான வழியும், அதே பெயரில்தான் அறியப்படுகிறது. எனவே முதல் வருடம் விற்பனையே வேண்டாம். ஒவ்வொரு இனத்துக்கும் பத்துப் பதினைந்து வயல்களிலிருந்து எடுத்த மாதிரிகளை, கன்னொறுவையில் உள்ள தாவர மரபு வளங்கள் நிலையத்தின் சேகரிப்புடன் ஒப்பிட்டு, "இந்த எல்லைக்குள் இருப்பதை நாங்கள் மொட்டைக்கறுப்பன் என்கிறோம்" என்று எழுத்தில் ஒரு வரையறை செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தின் சொத்து அந்த வரையறைதான். மென்பொருளை எவரும் பார்த்து எழுதிவிடுவார்.

ஆய்வுகூட வேலையில் எதைக் கையில் வைத்திருப்பது, எதை வெளியே கொடுப்பது? டிஎன்ஏ பிரித்தெடுத்தலும் பி.சி.ஆரும் உள்ளூரில், வரிசை வாசிப்பு வெளியே. சி.டி.ஏ.பி என்ற சவர்க்காரப் பொருளால் டிஎன்ஏயைப் பிரிக்கும் முறையே போதும், விலைகூடிய கிற் தேவையில்லை. 100 மில்லிகிராம் இளம் இலைக்கு 700 மைக்ரோலீற்றர் கரைசல். அதில் 2 சதவீதம் சி.டி.ஏ.பி, 1.4 மோலர் உப்பு, 20 மில்லிமோலர் ஈடிடிஏ, பிஎச் 8இல் 100 மில்லிமோலர் ட்ரிஸ். 65 பாகை செல்சியசில் 30 நிமிடம் முதல் ஒரு மணிநேரம், பிறகு குளோரோபோமும் ஐசோஅமைல் மதுசாரமும் 24க்கு 1. முற்றிய இலை எடுத்தால் மாப்பொருள் கூடவே வந்து, குழாயின் அடியில் சளிபோல நிற்கும். ஒளியுறிஞ்சலை வைத்துத் தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக இருக்கும், 260/230 மட்டும் 1க்குக் கீழே கிடக்கும், பி.சி.ஆர் ஓடாது. அப்போது டிஎன்ஏயைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு ஐதாக்கிப் போட்டுப் பாருங்கள். தடுக்கும் பொருளும் ஐதாவதால் பெரும்பாலும் ஓடிவிடும். வெளியே அனுப்பும் மாதிரியின் அளவை ஒளியுறிஞ்சலை வைத்து எழுதாதீர்கள். ஆர்என்ஏயையும் சேர்த்து எண்ணி, இல்லாத டிஎன்ஏயை இருப்பதாகக் காட்டும். ஆர்என்ஏயைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியம் போட்டபின் ஒளிர்சாய முறையில் அளந்ததைத்தான் எழுதவேண்டும்.

கரண்ட் போவதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். 35 சுற்றுப் பி.சி.ஆரில் 20ஆம் சுற்றில் மின்சாரம் நின்றால் அந்தத் தட்டு குப்பைக்கு. யூபிஎஸ் வாங்கும்போது கணினிக்கான சின்னதை வாங்கிவிடாதீர்கள். பி.சி.ஆர் இயந்திரமான வெப்பச்சுற்றி சூடேற்றும் தருணத்தில் இழுக்கும் உச்ச வலுவைப் பெட்டியின் பின்பக்கத் தகட்டில் பார்த்து, இரண்டு மணிநேரத்துக்குக் கணக்கிடுங்கள். நொதியங்களைப் பனி தானாக உருகும் வகை ஃப்ரீசரில் வைப்பதும் பிழை. உருகலுக்காக அது அடிக்கடி சூடேறித் தணிவதில் சில மாதத்தில் பி.சி.ஆருக்கான டாக் நொதியம் சோர்ந்துவிடும். இவ்வளவையும் வாங்க முதல், அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திடமும் வவுனியாப் பல்கலைக்கழகத்திடமும் உபகரணப் பாவனைக்குக் கட்டண உடன்படிக்கை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், தரவும் அதிலிருந்து வரும் உரிமையும் யாருக்கு என்ற பந்தி அந்தக் கடதாசியில் இருக்கவேண்டும். மாதிரியையோ டிஎன்ஏயையோ நாட்டுக்கு வெளியே அனுப்புவதானால் விவசாயத் திணைக்களத்திடமும் சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். இங்குள்ள பயிரின் மரபு வளம் 1992 உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின்படி இந்த நாட்டின் இறைமைக்குள் வருவது. கூரியர் பெட்டியில் "இலைத் தூள்" என்று எழுதி அனுப்பும் வேலை வேண்டாம்.

கணினியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நெல்லின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 400 மெகாபேஸ், மனிதனுடையதில் எட்டில் ஒன்று. 30 மடங்கு ஆழம், அதாவது ஒவ்வொரு பேஸையும் சராசரியாக 30 தடவை வாசிப்பது, வேண்டுமென்றால் 12 கிகாபேஸ், அதாவது 150 பேஸ் நீளச் சோடி வாசிப்புகள் 4 கோடி. இன அடையாளத்துக்கு அதுவும் வேண்டாம், 10 முதல் 15 மடங்கே தாராளம். எட்டுக் கோர், 32 ஜிபி நினைவகம், 2 ரிபி வட்டு உள்ள மேசைக்கணினியில் ஃபாஸ்ட்பி, பிடபிள்யூஏ, சாம்டூல்ஸ், பிசிஎஃப்டூல்ஸ் போன்ற வாசிப்புகளை ஆயும் மென்பொருள்கள் எல்லாம் ஓடும். அதுவும் இல்லாத நாட்களுக்கு கலக்ஸி என்ற இணையவழிப் பகுப்பாய்வுச் சேவை இலவசம். ஆனால் பல ஜிபி கோப்பைக் கிராமத்து 4ஜியில் ஏற்றுவதைவிட, வாசித்துத் தரும் நிறுவனத்திடம் வன்வட்டில் கேட்பது நல்லது. பிழை வருவது கணினி வலுவில் அல்ல, சின்னச் சின்ன இடங்களில். ஒரு கோப்பில் நிறமூர்த்தம் "1" என்றும் மற்றதில் "சிஎச்ஆர்01" என்றும் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடங்களை எடுக்கும்போது ஒரு வரியும் வராது, பிழைச் செய்தியும் வராது. டிஎன்ஏ வேறுபாடுகளைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பு 1இலிருந்து எண்ணும், இடங்களைக் குறிக்கும் பெட் கோப்பு 0இலிருந்து. அதைக் கவனிக்காமல் எடுத்த பிரைமர் இடம் ஒரு பேஸ் தள்ளி நிற்கும். நெல் போன்ற தன்மகரந்தப் பயிரில் கலப்புநிலை இடங்கள் (நிறமூர்த்தச் சோடியின் இரண்டிலும் எழுத்து வேறுபடும் இடங்கள்) திடீரென்று ஏராளமாகத் தெரிந்தால் புதுக் கண்டுபிடிப்பென்று துள்ளாதீர்கள். இரண்டு மாதிரி ஒரு குழாயில் கலந்துவிட்டது என்பதே அதற்கு வழக்கமான அர்த்தம்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். எல்லாக் கணுக்களும், அதாவது பதிவின் பிரதியை வைத்திருக்கும் கணினிகளும், உங்கள் அறையிலேயே ஓடும் பிளொக்செயின், தேவையில்லாமல் கனத்த ஒரு தரவுத்தளம். ஹைப்பர்லெட்ஜர் ஃபாப்ரிக் போன்ற பிளொக்செயின் மென்பொருள்கள், ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பல நிறுவனங்கள் தத்தமது கணுவைத் தாமே நடத்தும்போதுதான் பொருளுள்ளவை. கமக்கார அமைப்பு ஒன்று, ஆலை ஒன்று, கொழும்பு வாங்குநர் ஒருவர் என மூவரும் சேவையகம் நடத்துவதாக இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் உமியைக் குத்திக் கை நொந்த வேலை.

உங்களுக்குத் தேவையானது, ஒரு கோப்பு எப்போது இருந்தது என்று காட்டும் நேரமுத்திரை. அந்த எண்ணம் பிட்கொயினுக்கும் முந்தியது. ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற ஆய்வாளர்கள் 1991இலேயே எழுதியது. அந்த வழியில் 1995 முதல் ஒவ்வொரு வாரமும் ஒரு ஹாஷ், அதாவது தரவிலிருந்து கணித்தெடுக்கும் கைரேகை போன்ற எழுத்துத் தொடர், நியூயோர்க் டைம்ஸின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சாகி வந்தது. பத்திரிகையைத் திரும்பிப்போய் மாற்ற முடியாதுதானே. இன்று அதற்கு ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற சேவை இருக்கிறது. பலருடைய ஹாஷ்களை மரமாகக் கோத்து, உச்சி ஒன்றை மட்டும் பிட்கொயினில் பதிகிறது. கட்டணத்தை, ஹாஷ்களைச் சேர்த்துப் பதியும் "நாட்காட்டி" எனப்படும் சேவையகங்களே கட்டுவதால் உங்களுக்குச் செலவில்லை. பதிவு உறுதிப்படச் சில மணிநேரம் எடுக்கும். அது தரும் சான்றுக் கோப்பையும் மூலக் கோப்பையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும், மூலம் தொலைந்தால் சான்றும் செல்லாக்காசு. அது காட்டுவது "இந்தக் கோப்பு இந்த நேரத்துக்கு முன்பே இருந்தது" என்பதை மட்டுமே. யார் செய்தது என்பதற்கு உங்கள் இலக்கக் கையொப்பம் தனியாக வேண்டும்.

எதை ஹாஷ் செய்வது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஷா-256 என்ற ஹாஷ் முறை தரும் 64 எழுத்தும் கோப்பில் ஒரு பைட் மாறினாலே தலைகீழாகும். ஜிசிப் சுருக்கத்தின் தலைப்பில் நேரம் பதியும், ஆகவே அதே தரவை நாளைக்கு மறுபடி சுருக்கினால் வேறு ஹாஷ். விசிஎஃப் தலைப்பில் திகதியும் கட்டளையும் இருக்கும், மறுபடி ஓட்டினால் வேறு ஹாஷ். விண்டோஸில் திறந்து சேமித்த உரைக் கோப்பின் வரிமுடிவு மாறும், மறுபடி வேறு ஹாஷ். எனவே வாசிப்பு நிறுவனத்திலிருந்து வந்த மூலக் கோப்புகளைத் தொடாமல் பூட்டிவைத்து, இறுதி அறிக்கையையும் சேர்த்து, கோப்புப் பெயர், அளவு, ஹாஷ் என ஒரு பட்டியல் கோப்பு எழுதி, அந்தப் பட்டியலுக்கு ஒரேயொரு முத்திரை இடுங்கள்.

விவசாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி இலக்கம் எதுவும் சங்கிலிப் பக்கம் போகக்கூடாது, ஹாஷ் செய்தும் போகக்கூடாது. பழைய அடையாள அட்டை ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். பிறந்த வருடமும் நாளும் அதற்குள்ளேயே இருப்பதால், சாத்தியமான எல்லா இலக்கத்தையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண கணினிக்கு அதிக நேரம் எடுக்காது. கட்டாயம் தொடர்பு வேண்டுமென்றால், ஒவ்வொருவருக்கும் "உப்பு" எனப்படும் எழுந்தமானமான 32 பைட் இரகசியத் தொடரைச் சேர்த்து ஹாஷ் செய்து, உப்பை உங்களிடம் வைத்திருங்கள். அவர் விலக விரும்பினால் உப்பை அழித்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அழிக்கமுடியாத சங்கிலியில் போட்டபின் அந்தக் கோரிக்கைக்கு நீங்கள் பதில் சொல்லமுடியாது.

கியூஆர் குறியை நம்பாதீர்கள். அசல் பக்கெற்றில் இருப்பதைப் படமெடுத்து ஆயிரம் போலிப் பக்கெற்றில் ஒட்டினால் எல்லாமே "அசல்" என்று காட்டும். பக்கெற்றுக்குப் பக்கெற் தனி இலக்கம் இட்டு, ஸ்கான் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அதைவிட வலிமையானது எடைக்கணக்கு. நெல்லில் உமி மட்டுமே ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 1,000 கிலோ நெல்லிலிருந்து 800 கிலோவுக்கு மேல் அரிசி வர இயலாது, தீட்டினால் 650 முதல் 700. அந்தத் தொகுதிக்கு ஒரு கிலோப் பக்கெற் 900க்குக் குறி கேட்டு ஆலையிலிருந்து அழைப்பு வந்தால் டிஎன்ஏ பார்க்கவேண்டியதில்லை. கலப்பைப் பிடிப்பதில் இந்த ஒரு கூட்டல் கழித்தல், நான் மேலே எழுதிய எல்லாக் குறியாக்கத்தையும்விடப் பிரயோசனமானது. பிளொக்செயின் வேலை செய்யும் நானே இதைச் சொல்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

டோக்கன் விடயத்தில் சட்டமே வழியை அடைத்துவிடுகிறது. மெய்நிகர் நாணயம் இங்கே சட்டமுறை நாணயமல்ல என்று மத்திய வங்கி சொல்லிவருகிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைகளின்படி கடனட்டை, பற்றட்டை வழியாக அதற்குக் காசு கட்டவும் முடியாது. எதெரியம் என்ற பொதுப் பிளொக்செயினின் கட்டணத்தை உங்கள் அட்டையால் கட்டித் தொழில் நடத்தும் திட்டமும் இதனால் அடிபடும். கமக்காரருக்குப் பங்கு கொடுக்க விரும்பினால் கிலோவுக்கு இவ்வளவு ரூபா கூட என்று வங்கிக் கணக்கில் போடுங்கள். விதைப்புக் கடனை டோக்கனால் அடைக்க முடியாது.

மனிதத் தரவுக்கு வந்தால், 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல் வெளியே போனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது, தரவு யாருக்குப் போகும் என்பது நீதிமன்றக் கேள்வியானது. ஒருவரின் மரபணுவை வெளியிட்டால் அவருடைய சகோதரத்தின் ஏறத்தாழப் பாதியும் வெளியே வருகிறது, அவரிடம் எவரும் கேட்கவில்லை. அறிமுகமானவர்களே நிறைந்த சிறு ஊர்களில், பெயரை நீக்கிவிட்டோம் என்பதற்கு அர்த்தம் குறைவு. நெறிமுறைக் குழு, மருத்துவர், மரபணு ஆலோசகர் இல்லாமல் தொடவேண்டாம்.

காசு எங்கிருந்து வரும்? முதல் வருடத்தில் அரிசியிலிருந்து வராது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் பட்டப்பின் மாணவர்களுக்கும் தரவுப் பகுப்பாய்வு செய்துகொடுப்பதற்குக் கணினியும் உங்கள் தலையும் போதும், அதில் ஓடுங்கள். இரண்டாம் வருடத்தில் விதைநெல் உற்பத்தி செய்பவரும், பாரம்பரிய அரிசியை ஏற்றுமதி செய்பவரும்தான் வாடிக்கையாளர். பக்கெற் வாங்கும் வீட்டுக்காரர் குறியை ஒருதரம் ஸ்கான் செய்வார், பிறகு விலையைத்தான் பார்ப்பார். அறிக்கையில் "விதைச் சான்றிதழ்" என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின் கீழ் அத்தாட்சிப்படுத்துவது விவசாயத் திணைக்களத்தின் வேலை. உங்களுடையது "இன அடையாளச் சோதனை அறிக்கை", அதில் எத்தனை மணி, எத்தனை குறியீடு, எந்தக் கலப்பளவு வரை பிடிக்கும் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

காலபோகம் விதைத்து இரண்டு மூன்று கிழமையில் இலை எடுக்கும் நாட்கள் வந்துவிடும், அதற்குமுன் ஆயத்தமாகுங்கள். இலை ஒரு கிராமுக்குச் சிலிக்கா ஜெல் பத்துக் கிராம், காற்றுப் புகாத பை, நீலம் இளஞ்சிவப்பானால் உடனே மாற்ற மேலதிகமாகக் கொஞ்சம். ஒரு வயலில் ஒரு மூலையில் நின்று எடுக்காமல், வரம்பிலிருந்து உள்ளே இறங்கிக் குறுக்காக நடந்து முப்பது செடியிலாவது எடுங்கள், ஒவ்வொன்றும் தனிப் பையில். கைபேசியில் இடக்குறிப்பு, விதைநெல் எங்கே வாங்கியது என்று கமக்காரர் சொன்னது, அவருடைய கையொப்பமிட்ட சம்மதம். பெயர்ச்சீட்டைப் பைக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள், பென்சிலால் எழுதி. வெளியே மார்க்கரால் எழுதியது எத்தனோல் பட்டால் அழிந்துவிடும்.